ஒரு தாய் சொன்ன பொய்

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது, மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொல்வது சரிதானா என்று பெரும் விவாதம் நடந்தது. இந்த வாரம் அக்கதையை மறுபடி படித்தபோது, அதற்குச் சற்று முன்னால் வரும் ஓர் இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். யாரோ ஒருவனுடைய காரில் மகள் கெடுக்கப்பட்டதைக் கேட்டுத் தாய் அவளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் விசாரிக்கிறார்கள். பரீட்சை நேரத்தில் இப்படி மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாளே என்று ஒரு பொய்யைச் சொல்லி அவள் சமாளிக்கிறாள். தண்ணீர் தலையில் விழும் முன்பே அந்தப் பொய் மகளைக் காப்பாற்றிவிட்டது.

சாகித்திய அகாதமி விருது பெற்ற அவருடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் இதே சம்பவம் நாயகி கங்காவுக்கு நேர்கிறது. இங்கே தாய்க்கு அந்தப் பொய் வாய்க்கவில்லை. அலறிவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பட்டது ஒரே காயம்தான்; ஆனால் ஒருத்தி அன்றிரவே அதைக் கடந்துவிட, மற்றவள் படித்து, நல்ல உத்தியோகத்துக்கு வந்த பிறகும் 'கெட்டுப்போனவள்' என்ற சொல்லை உள்ளுக்குள் சுமந்துகொண்டே திரிகிறாள். கங்கா பிடிவாதக்காரி, வேறொருவனை மணந்துகொண்டிருக்கலாம் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. பிறர் என்ன நினைப்பார்களோ அதை அவர்களுக்கு முன்பே தானே நினைத்துவிடும்படி அவள் மனம் பழக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் அன்று காரில் வந்தவனான அந்தப் பிரபுவையே தேடிப் பிடித்து, உடலுறவு ஏதும் இல்லாதபோதும், அவனோடு தன்னை இணைத்து ஊர் பேசட்டும் என்று விட்டுவிடுகிறாள். ஊர் வைத்த பெயருக்குள்ளேயே குடியேறிவிடுகிற அந்தச் சோர்வை, பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் சிறுவயதில் எங்கள் தெருக்குழாயடிக்கு ஓர் அக்கா தண்ணீர் பிடிக்க வருவார். என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அவர் குடத்தை வைத்ததும் பெண்களின் பேச்சு அப்படியே நின்றுபோவது மட்டும் எங்களுக்குத் தெரியும். யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. சில மாதங்களில், மற்றவர்கள் படுத்து ஓய்வெடுக்கும் உச்சிவெயிலில், இரண்டாம் நடைக்கு அவசியமில்லாதபடி இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக அவர் போகத் தொடங்கினார்.