அதே வாத்துக் குப்பைத்தொட்டி

தென்மராட்சியில் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புதுக் கிளை திறந்திருக்கிறார்கள் என்று மகளைக் கூட்டிக்கொண்டு கொடிகாமம் பஸ்ஸில் நின்றபடியே போனேன். வாசலில் அதே வாத்துக் குப்பைத்தொட்டி. அலகில் மஞ்சள் வழிந்திருப்பது உட்பட அதேதான்! "அப்பா, போன மாதமும் இங்கேதானே வந்தோம்?" என்கிறாள். அது யாழ்ப்பாண நகரத்து மூத்த கிளை, பிள்ளை.

டிஸ்னிலாந்துகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனாலும் பாரிஸ் கோட்டையின் அடியில் ஒரு டிராகன் படுத்திருக்கிறது. 1955இல் திறந்த கலிபோர்னியாக் கோட்டையில் அது இல்லை. ஹொங்கொங்கில் 2005இல் கலிபோர்னியாக் கோட்டையையே நகலெடுத்து வைத்தார்கள். அலுத்ததோ என்னவோ, 2020இல் அதன் உருவத்தையே மாற்றிவிட்டார்கள்.

மாவுக்கும் பலாவுக்கும் பெயர்போன மண்ணில் ஒரு பலாப்பழ ராட்டினமாவது சுற்றக்கூடாதா? டிக்கெட்டில் மட்டும் தனித்துவம் காட்டுகிறார்கள்: 50 ரூபாய் கூட.