கேள்வியை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்

கட்டற்ற மென்பொருள்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, முகம் தெரியாத தன்னார்வலர்கள் இணையத்தில் பொறுமையாக எழுதிவைத்த விளக்கங்களிலிருந்து வந்தது. அந்த நன்றி இன்றும் எனக்கு இருக்கிறது. ஆனால் தன்னார்வத் தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் இன்று நடப்பவற்றுள் ஒன்றை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கேள்வியை வாசிக்காமலே பதில் சொல்கிறார்கள்.

சென்ற மாதம் என் கணினியில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மாற்றிய அன்றே, எட்டு ஆண்டுப் புகைப்படங்கள் இருந்த வெளிப்புற ஹார்டு டிஸ்க் திறக்க மறுத்தது. முந்தைய நாள்வரை ஒழுங்காகத் திறந்த டிஸ்க் அது. தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் உதவிக் குழுவில் கேட்டேன். கேள்வியை எழுதவே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். டிஸ்க், விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்தது என்பதையும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பழைய, புதிய பதிப்பு எண்களையும், திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்து மாறாமலும், கேபிளையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன் என்பதையும், இந்தப் படங்களுக்கு வேறு நகல் இல்லை என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன்.

நான்கு நிமிடங்களில் முதல் பதில் வந்தது: "டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள்." ஃபார்மட் செய்வதென்றால் டிஸ்க்கில் உள்ளவற்றை அழித்துவிடுவது. இரண்டாமவர் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார். மூன்றாமவர், லினக்ஸ் பயன்படுத்துகிறவர் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். அன்று மாலைக்குள், ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி இது என்று முத்திரை குத்தி, 2014ஆம் ஆண்டுப் பதில் ஒன்றைச் சுட்டி, என் கேள்வியை மூடிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "டிஸ்க்கைச் செருகியவுடன் கர்னல் பதிவில் வரும் கடைசிப் பத்து வரிகளை அனுப்ப முடியுமா?" அனுப்பினேன். காரணம் அந்த வரிகளிலேயே இருந்தது. திரையில் வந்த பிழைச் செய்தி எந்தக் கோளாறுக்கும் பொதுவாக வருவது. உண்மையான காரணத்தை, கர்னல் தன் செயல்களைக் குறித்துவைக்கும் அந்தப் பதிவில்தான் தேட வேண்டும். லினக்ஸைப் புதுப்பித்ததற்கு முந்தைய வாரம் ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து அந்த டிஸ்க்கை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கியிருக்கிறேன். அதனால், சரிவர மூடப்படாதது என்ற குறி டிஸ்க்கிலேயே பதிந்துவிட்டது. லினக்ஸில் நெடுநாளாக இருந்துவந்த பழைய என்டிஎஃப்எஸ் டிரைவர், அதாவது டிஸ்க்கைப் படிக்க உதவும் நிரல், அந்தக் குறியைப் பொருட்படுத்தாமல் டிஸ்க்கைத் திறந்துவிடும். 2021இல் 5.15 கர்னலுடன் சேர்க்கப்பட்ட புதிய டிரைவரோ, தரவுக்குச் சேதம் வரக்கூடாது என்பதற்காக, அந்தக் குறி இருந்தால் திறக்க மறுத்துவிடும். நான் நிறுவிய பதிப்பு புதிய டிரைவருக்கு மாறியிருந்தது. டிஸ்க்கை ஒரு விண்டோஸ் கணினியில் செருகி, செக்டிஸ்க் சோதனையை ஓட்டி, முறைப்படி விடுவித்துக் கழற்றச் சொன்னார். ஒரு படம்கூட இழப்பில்லாமல் டிஸ்க் திறந்தது.

மூடுவதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட பதில் 2014ஆம் ஆண்டினது என்பதை மறுபடியும் சொல்கிறேன். என் சிக்கலுக்குக் காரணமான டிரைவர் கர்னலுக்கு வந்ததோ 2021இல். மூடியவர் நான் எழுதியிருந்த கர்னல் எண்ணைப் பார்த்திருந்தாலே இரண்டும் ஒன்றல்ல என்பது விளங்கியிருக்கும். முதல் பதிலை நம்பி நான் ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. எனக்காவது அந்தச் சொல்லின் பொருள் தெரியும். அது தெரியாத ஒருவர், அனுபவசாலி சொல்கிறாரே என்று நம்பிச் செய்திருப்பார்.

இதைச் சில நண்பர்களிடம் சொன்னபோது, தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அவர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தன்னார்வலர் எனக்குக் கடன்பட்டவர் அல்லர். என் கேள்வியை அவர் பார்க்காமலே கடந்து போகலாம். ஒரு வாரம் கழித்து வரலாம். தெரியாது என்று சொல்லலாம். இவற்றில் எதற்கும் நான் வருந்த மாட்டேன். மென்பொருளோடு வரும் உரிமமும் எந்த உத்தரவாதமும் இல்லை என்றே சொல்கிறது, அதை அறிந்தே பயன்படுத்துகிறேன். ஆனால் பதில் சொல்வது என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால், அந்தப் பதிலுக்குப் பொறுப்பு உண்டு. வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொன்னால் அவர் அடுத்தவரைக் கேட்டுக்கொள்வார். தெரியாமலே ஒரு திசையைக் கைகாட்டுவது எப்படி உதவியாகும்?

கேட்பவர்களின் பிழைகளும் எனக்குத் தெரியும். "வேலை செய்யவில்லை, அவசரம்" என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் உண்டு. தீர்வு கிடைத்ததும் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மறைந்துவிடுகிறவர்களும், "சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதி, எப்படிச் சரியானது என்பதைச் சொல்லாமல் போகிறவர்களும் உண்டு. தன்னார்வலர்களின் சோர்வும் உண்மையானது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். உலகின் எண்ணற்ற சர்வர்களில் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளை நெடுங்காலம் பராமரித்தவர் ஊதியமில்லாத தனி ஒருவர். தமது மனநலப் பாதிப்பைப் பற்றி அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தும், வேலை மெதுவாக நடக்கிறது என்று அவரை நெருக்கினார்கள். உதவ வந்தவர்போல் நடித்த ஒருவர் பராமரிப்புப் பொறுப்பையே பெற்று, அதில் பிறர் அறியாமல் நுழைவதற்கான பின்கதவு வைத்தார். எனவே தன்னார்வலர்கள் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குறைவாகவே பதில் சொல்லட்டும் என்கிறேன்.

புள்ளிகள் தரும் முறைக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து. நிரல் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறும், 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், ஒரு பதிலுக்கு விழும் ஒவ்வொரு ஆதரவு வாக்குக்கும் 10 புள்ளிகள், கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டால் 15 புள்ளிகள். அந்த முறை எத்தனையோ சிறந்த விளக்கங்களை எழுதவைத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இத்தகைய முறைகளைப் பார்த்து உருவான பல இடங்களில் முந்திக்கொள்பவருக்கே பலன் அதிகம். நிதானமாக வாசித்து, இன்னும் ஒரு விவரம் வேண்டும் என்று கேட்பவருக்கு ஒரு புள்ளியும் இல்லை. எனக்கு உதவியவர் செய்தது அதைத்தான். 2022 டிசம்பரில், சாட்ஜிபிடி வெளிவந்த சில நாட்களிலேயே, அது எழுதும் பதில்களை அங்கே இடக்கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை விதித்தது. பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும் அவற்றில் தவறானவை மிக அதிகம் என்பதே சொல்லப்பட்ட காரணம். இயந்திரத்துக்கு வைத்த அந்த அளவுகோலை மனிதர் எழுதும் பதிலுக்கும் வைக்கலாம் அல்லவா?

பணம் வாங்கிக்கொண்டு பொருளை விற்கும் நிறுவனங்களும் இப்போது வாடிக்கையாளரைத் தன்னார்வலர்களிடம் அனுப்பிவிடுகின்றன. நம் கணக்கையோ சர்வர் பதிவையோ பார்க்க அனுமதியே இல்லாத ஒருவரால் அங்கே என்ன செய்ய முடியும்? அவர் மீது கோபப்படுவது அநியாயம். அது தனியாகவே பேச வேண்டிய விஷயம்.

தீர்வு கிடைத்த அன்றே அதை என் கேள்வியின் கீழே சேர்க்க முயன்றேன். மூடப்பட்ட கேள்வியில் புதிய பதில் எழுத முடியாது என்று வந்தது. திறக்கும்படி கோரிக்கை வைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இதே பிழைச் செய்தியைத் தேடிக்கொண்டு அங்கே வருகிறவர்களுக்கு இன்றும் முதலில் தெரிவது, ஃபார்மட் செய்யச் சொல்லும் அந்தப் பதில்தான்.