நாங்கள் அவர்களைப் போல இல்லை

அமெரிக்கக் குடியேற்றம் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் பலர் எடுக்கும் வாதம் ஒன்று உண்டு. "நாங்கள் படித்தவர்கள். விசா வாங்கிச் சட்டப்படி வந்தவர்கள். எல்லை தாண்டி வந்தவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள்." ஹெச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களும் சொல்கிறார்கள், பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு ஊரில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். இதே மாதிரி ஒரு வாதம் நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது. அதை வைத்தவரும் ஓர் இந்தியர்தான்.

பகத் சிங் திந்த். அமிர்தசரஸ் பக்கம் பிறந்த சீக்கியர். முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். ராணுவ உடை போட்டாலும் குடியுரிமை கிடைப்பது எளிதாக இல்லை. 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியர்கள் இரண்டிலும் வரவில்லை. ஆகவே திந்த் தன்னை வெள்ளையர் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

எப்படி நிரூபிக்கப் பார்த்தார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது. அவர் 'உயர்சாதி இந்து', கலப்பில்லாத ஆரிய ரத்தம் என்றது அவர் தரப்பு. கலப்பு நடக்காமல் காத்தது சாதிக் கட்டுப்பாடு என்றார்கள். திருமண விஷயத்தில் அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் எங்கள் உயர்சாதியினர் எங்கள் நாட்டுப் பழங்குடிகளைப் பார்க்கிறார்கள் என்றும் மனுவில் எழுதினார்கள். அதாவது, கீழே இருப்பவரை மிதிப்பதில் நாங்களும் உங்கள் ஆட்கள்தான் என்பதையே தகுதியாகக் காட்டினார்கள். சாதி என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த வாதத்தின் நாற்றம் நமக்குச் சட்டென்று தெரியும்.

1923 பிப்ரவரி 19. நீதிபதிகள் ஒருமனதாகக் கதவைச் சாத்தினார்கள். தீர்ப்பை எழுதியவர் ஜார்ஜ் சதர்லேண்ட். அவரே இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் வந்து குடியேறியவர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று எழுதியவரும் அவரே. சரி, இனவியல் அறிஞர்கள் எங்களைக் காக்கேசியர் என்றுதானே சொல்கிறார்கள் என்று திந்த் தரப்பு போய் நின்றதும், அறிஞர்கள் சொல்வது கிடக்கட்டும், சாதாரண மனிதனுக்கு யார் வெள்ளையர் என்று தெரியும் என்று அளவுகோலையே மாற்றிவிட்டார்.

திந்தைக் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சட்டம் அவருக்கு வேறு வாசலே வைக்கவில்லை. போர் வீரர்களுக்கென 1935இல் வந்த சட்டத்தால் மறு வருடம் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. ஆனால் 1923 தீர்ப்பைக் காட்டி, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் 1915இல் வந்து, சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்து, 1921இல் குடிமகனானவர். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடியேறப் போனபோது, அக்கம்பக்கத்தார் உள்ளே நுழைய விடாமல் வீட்டைப் பூட்டியிருந்தார்கள். குடியுரிமை போனதும், குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிஃபோர்னியாவின் நிலச் சட்டத்தால் கடையும் சொத்தும் போயின. ஆங்கிலேயப் பிரஜையாக இருக்க மனமில்லாமல் வந்தவரை, ஆங்கிலேய பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். 1928இல் தற்கொலை செய்துகொண்டார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். பணம், படிப்பு, ஆங்கிலம், நல்ல உடை எல்லாம் அவரிடம் இருந்தன.

'அவர்களைப் போல இல்லை' என்பது இந்தியர்களின் கண்டுபிடிப்பும் இல்லை. 1844இல் ஃபிலடெல்ஃபியாவில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். புனித மைக்கேல், புனித அகஸ்டின் தேவாலயங்கள் எரிந்தன. பள்ளியில் எந்த பைபிளைப் படிப்பது என்ற சச்சரவில் தொடங்கியது. அடியில் கிடந்தது, இவர்கள் போப்பாண்டவருக்கு விசுவாசிகள், ஒருநாளும் அமெரிக்கர் ஆகமாட்டார்கள், நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற வெறுப்பு. பத்து வருடத்தில் அந்த வெறுப்பு ஒரு கட்சியாகி, மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தை ஏறக்குறைய முழுதாகவே பிடித்தது.

அப்படி அடிபட்ட ஐரிஷ்காரர்களிலிருந்தே 1877இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் எழுந்தார். டெனிஸ் கியர்னி, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். காலி மைதானத்தில் கூட்டம் கூட்டி அவர் எழுப்பிய முழக்கம்: "சீனர்கள் போக வேண்டும்!" ஒருநாளும் அமெரிக்கர் ஆகமாட்டார்கள், வேலையைப் பறிக்கிறார்கள் என்று தன் மக்கள் மேல் வீசப்பட்டதையே எடுத்து, மலையைக் குடைந்து ரயில்பாதை போட்டுக் கொடுத்த சீனர்கள் மேல் வீசினார். 1882இல் சீனத் தொழிலாளர் வரவைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் 28 சீனர்களைக் கொன்றார்கள். வேலை குறைவு, கூலி குறைவு என்ற கோபம் உண்மைதான். அது கூலியைக் குறைத்த முதலாளி பக்கம் திரும்பாமல் பக்கத்தில் நின்ற தொழிலாளி பக்கம் திரும்பியது.

அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி வாதாடிய ஒருவரும் இருந்தார். வோங் கிம் ஆர்க், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர். சீனா போய் 1895இல் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே நிறுத்தினார்கள். அவர் வழக்கு, நான் மற்ற சீனர்களைவிட மேலானவன் என்பதல்ல. இந்த மண்ணில் பிறந்தவர் இந்த நாட்டுக் குடிமகன் என்று அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தத் திருத்தமும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக வந்தது. 1898இல் அவர் ஜெயித்தார். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் விசாவில் இருக்கும் நம் தம்பதிகளுக்குப் பிறந்த குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்களாக இருப்பது அந்தச் சமையல்காரர் வாங்கிக் கொடுத்த தீர்ப்பினால். திந்தின் மனுவால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறந்த நாட்டைப் பார்த்து இடம் ஒதுக்கிய பழைய கோட்டாவை ஒழித்து நம் டாக்டர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கதவு திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமும், கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கிப் போராடிய காலத்தின் விளைச்சல்தான்.

2025 ஜனவரி 20 அன்று வந்த அதிபர் ஆணை நினைவிருக்கிறதா? பிறப்பால் கிடைக்கும் குடியுரிமையை ஆவணமில்லாதவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் மறுக்கவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளையும் அதே ஆணையில் சேர்த்தது. ஹெச்1பியும் அதில் அடக்கம். வரிசையில் நின்று வந்தவர், எல்லை தாண்டி வந்தவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் சில மாநில அரசுகளோடு, மேரிலாந்தின் காசா என்ற குடியேறிகள் அமைப்பும், அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்காக நடக்கும் ஓர் அமைப்பும் இருந்தன. எங்களோடு சேர்க்காதீர்கள் என்று நாம் யாரைச் சொன்னோமோ, நம் பிள்ளைகளுக்கும் சேர்த்து நீதிமன்றம் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள்.