டெல்லியில் கல்லூரி இடத்தோடு விடுதி அறையும் சேர்ந்து வருமா?

“டெல்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் வெளிமாநில மாணவர்களுக்கு விடுதி அறை தானாக வந்துவிடும், தனியாக விண்ணப்பிக்க வேண்டாம்.” தலைநகர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

2022 முதல் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகம் இளநிலை மாணவருக்கு ஒதுக்குவது கல்லூரியையும் பாடப்பிரிவையும் மட்டுமே. விடுதி பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியின் பொறுப்பு. இந்து கல்லூரி, மிராண்டா ஹவுஸ் போன்றவற்றில் விடுதி உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் கிடையவே கிடையாது. இருக்கும் இடத்திலும் தனி விண்ணப்பம், தனித் தகுதிப் பட்டியல், தனிக் கட்டணம். கிடைத்த அறையும் பொதுவாக ஓராண்டுக்குத்தான்.

செய்தியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. டெல்லியிலேயே வீடு உள்ளவர்களைப் பல விடுதிகள் சேர்ப்பதில்லை. மயூர் விகாரிலிருந்து மெட்ரோவில் போய்வரும் நம் பிள்ளைகள் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. வெளியூர்க்காரர் விண்ணப்பிக்கலாம் என்பதைக் கிடைத்தே தீரும் என்று யாரோ திரித்திருக்க வேண்டும்.

அறை கிடைக்காதவர்கள் வடக்கு வளாகத்தை ஒட்டிய கமலா நகர், விஜய் நகர் பக்கமோ, தெற்கே சத்ய நிகேதனிலோ பி.ஜி. எனப்படும் வாடகை அறை தேடுகிறார்கள். அக்காள் மகனுக்காக நான் விஜய் நகரில் பார்த்த அறையை ஒட்டுப்பலகையால் இரண்டாக்கியிருந்தார்கள். ஒரே ஜன்னல், அதுவும் படிக்கட்டைப் பார்த்து. வாடகையை உடனே சொன்ன உரிமையாளர், மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டதும் தேநீர் கொண்டுவரச் சொன்னார். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த மின்கட்டணத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.