கணக்கைக் காட்டுங்கள்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் நான் சம்பளக் கணக்குப் பார்த்த காலம் அது. ஓகஸ்ட் மாதம், நல்ல சீசன், அறையெல்லாம் நிறைந்திருந்தது. வந்து தங்குபவர்களின் பில்லில் சேர்த்து வாங்கும் சேர்விஸ் சார்ஜில் வேலையாட்களுக்குரிய பங்கை மாதக் கடைசியில் கவரில் போட்டுக் கொடுத்தோம். சமையலறையில் மரக்கறி வெட்டும் அக்கா ஈரக்கையைச் சீலையில் துடைத்துவிட்டு, தாள்களை இரண்டு தரம் எண்ணினா.

"தம்பி, போன மாசத்தை விட நாலாயிரம் குறையுது. என்னெண்டு கணக்குப் பார்த்தனீங்கள்?"

எனக்கே தெரியாது. மேலே இருந்து வந்த தொகையைத்தான் கவரில் எழுதியிருந்தேன். போய்க் கேட்டதற்கு, "அது உமக்குத் தேவையில்லாத கதை" என்றார்கள். திரும்பி வந்து அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கூட்டித் தாங்கோ என்றா கேட்டா? எப்படி வந்தது என்றுதானே கேட்டா.

இங்கே கடற்கரையில் நின்று கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். வலையும் தோணியும் சம்மாட்டியுடையது, அவருக்குப் பெரிய பங்கு. அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை. மீன் எவ்வளவு பட்டது, என்ன விலைக்குப் போனது என்று இழுத்தவன் கண்ணாலேயே காண்கிறான். மீன்பாடு குறைந்த நாளில் வெறுங்கையோடு போனாலும் கடலைத்தான் நோவான்.

ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே கம்பனியின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 வீதம் சம்பளம் வெட்டினார்கள். ஒன்றில் தலைவரே வந்து, வருத்தம் தெரிவித்து, கணக்கை விரித்துக் காட்டி ஒன்றரை மணித்தியாலம் பதில் சொன்னார். மற்றதில் கால் மணித்தியாலத்தில் கூட்டம் முடிந்தது. அந்த இரண்டாவது இடத்தில்தான் வேலையாட்களின் களவு கூடுதலாக ஏறியது. வெட்டு என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்!

கணக்கைக் காட்டினால் சண்டை வரும் என்கிறார்கள் முதலாளிமார். சண்டை ஏற்கனவே இருக்கிறது. "மனேஜரின் சொந்தக்காரப் பொடியனுக்குக் கூடவாம்" என்று அந்த மாதம் முழுக்கக் குசினியில் ஒரே கதை. இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

சரி, விளக்கம் சொல்லிவிட்டால் எதையும் வெட்டலாம் என்பதும் இல்லை. இலங்கையில் 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈடிஎப்) 3 வீதம். இதிலெல்லாம் கை வைக்க எந்த விளக்கமும் எடுபடாது.

அதற்கு மேலே உள்ளதற்குத்தான் கேட்கிறேன். இந்த மாதம் சேர்விஸ் சார்ஜ் மொத்தம் எவ்வளவு, பங்கு பிரிக்க யாருக்கு எத்தனை புள்ளி, எதற்காக எவ்வளவு கழித்தது. ஒரே ஒரு தாள். வேலையாட்கள் சாப்பிடும் அறைச் சுவரில், அந்த அக்காவும் வாசிக்கிற மாதிரித் தமிழில் ஒட்டிவிடுங்கள்.