சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்த சிறுவன்

1997 செப்டம்பர் 6. லண்டன் தெருக்கள் வழியாக பிரிட்டன் இளவரசி டயானாவின் சவப்பெட்டி பீரங்கி வண்டியில் போகிறது. மேலே வெள்ளைப் பூக்கள், நடுவில் ஒரு சின்ன உறை. அதில் கையெழுத்தில் 'மம்மி'. பின்னால் தலைகுனிந்து நடந்துவரும் மகன்களில் ஹாரிக்கு 12 வயது, வில்லியமுக்கு 15.

அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கூடவே கோபமும் வருகிறது. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையை ஊர் பார்க்க நடக்கவிட்டு, அவன் அழுகிறானா என்று முகத்தையே உற்றுப் பார்த்தோமே, அது என்ன நியாயம்? எந்தக் குழந்தையையும் அப்படி நடக்கச் சொல்லக்கூடாது என்று பின்னாளில் ஹாரியே சொன்னார்.

அதற்கு முந்தைய நாட்களும் அப்படித்தான். எலிசபெத் அரசி ஸ்காட்லாந்தின் பால்மோரல் கோட்டையில் பேரன்களோடு இருந்தார். தாயில்லாமல் போன பிள்ளைகளின் பக்கத்தில் பாட்டி இருப்பதில் என்ன தப்பு? ஆனால் பக்கிங்ஹாம் அரண்மனையில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கவில்லையே, அரசி எங்கே என்று பத்திரிகைகள் கொதித்தன. அரசி தங்கியிருந்தால் மட்டுமே அங்கே கொடி ஏறும் என்பது அன்றைய வழக்கம். அது யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் செப்டம்பர் 5 அன்று அவர் லண்டன் வந்து தொலைக்காட்சியில் பேசினார்.

மன்னராட்சியை எதிர்க்கிறவன் நான். பிறப்பால் ஒருவருக்குப் பதவி என்பதை என்னால் ஏற்கவே முடியாது. அவர்களுடைய சொத்தும் சொகுசும் பற்றிய கேள்விகளும் சரியானவைதான். ஆனால் அந்த ஏற்பாடு குடிமக்களுக்கு மட்டும் அநியாயம் செய்யவில்லை. தொட்டிலில் கிடக்கும்போதே ஒரு குழந்தையின் ஆயுள் முழுவதையும் அது எழுதி வாங்கிக்கொள்கிறது. 1952 பிப்ரவரி 6 அன்று எலிசபெத் கென்யாவில் இருந்தார், வயது 25. அப்பா இறந்த அந்த நொடியே அவர் அரசி. மகளாக அழ ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

2022 செப்டம்பர் 6 அன்று எடுத்த படத்தைப் பாருங்கள். கணப்படுப்பு எரிகிற அறையில், 96 வயதில், கைத்தடியோடு நின்று புதிய பிரதமர் லிஸ் டிரஸ்ஸை வரவேற்கிறார். முகத்தில் சிரிப்பு. குலுக்க நீட்டிய கையின் புறத்தில் கன்றிப்போன கருநீலம். இரண்டே நாளில் எலிசபெத் இறந்துவிட்டார். டென்மார்க் அரசி மார்கிரேத 2024-இல் மகனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகினார். முடியாட்சியை உடனே ஒழிக்க மாட்டீர்களா, சரி. உட்கார்ந்து ஓய்வெடுக்கும் உரிமையையாவது அந்த மனிதர்களுக்குக் கொடுங்கள்.