ஒரு நாற்காலிக்கும் ஒரு ஸ்டாண்டுக்கும் இவ்வளவு சிரிப்பா?

நேற்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்து எல்லோருக்கும் தெரியும். மறுபடி கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வீட்டில் கிட்டார் பழக ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேன் என்று போட்ட படம் அது. அதில் இருந்தது ஒரு நாற்காலி, ஸ்டாண்டில் ஒரு கிட்டார், பக்கத்தில் ஒரு விளக்கு. அதற்கு ஒரு நண்பர், "முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் ஸ்டுடியோ கட்டலாம்" என்கிறார். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேர் எனக்கு நெருக்கமானவர்கள். சரி, இருக்கட்டும்.

ஐயா, அது ஸ்டுடியோ இல்லை. ஒரு மூலை. கிட்டார் கண்ணில் பட வேண்டும், கை நீட்டினால் எட்ட வேண்டும். நான் சொன்னது அவ்வளவுதான்.

என் கிட்டார் மூன்று வருடம் அலமாரிக்கு மேலே கேஸுக்குள் படுத்திருந்தது. வாசிக்க நினைத்தால் ஸ்டூல் போட்டு ஏறி இறக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், ஜிப்பைத் திறந்து சுருதி சேர்க்க வேண்டும், உட்கார ஓர் இடம் தேட வேண்டும். எனக்கு ஒரு நாளில் கிடைப்பதே இருபது நிமிடம். அதில் பாதி இதற்கே போய்விடும். பெரும்பாலான நாட்களில் அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன், அன்றைய பயிற்சி முடிந்தது. ஸ்டாண்டுக்கு வந்த பிறகு, போகிற வருகிற வேளையில் எடுத்து ஐந்து நிமிடம் வாசிக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை ஐந்து நிமிடம் கிடைத்தாலும் இருபது ஆகிவிடும்.

"ஆர்வம் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் வாசிக்கலாம்" என்று வேறொருவர். எங்கே? கட்டிலிலா? மெத்தை அமுங்கும், முதுகு கூனும், இடது மணிக்கட்டு மடங்கிக்கொள்ளும், அப்புறம் எஃப் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் ஒரு ஸ்வரக்கூட்டு) ஏன் சத்தம் வரவில்லை என்று விரலைத் திட்டிக்கொண்டிருப்போம். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தால் கிட்டாரின் உடம்பு கைப்பிடியில் இடிக்கும். கைப்பிடி இல்லாத, கால் தரையில் முழுதாகப் பதிகிற உயரத்தில் ஒரு சாதாரண நாற்காலி போதும். இது ஆடம்பரமாம்!

ஒரே ஒருவர் மட்டும் உருப்படியாகக் கேட்டிருந்தார்: வெளியே வைத்தால் மரம் கெடாதா? கெடும், ஒப்புக்கொள்கிறேன். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது கிட்டாருக்கு நல்லது. ரொம்பக் காய்ந்தால் மரம் சுருங்கி, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் நுனி விரலைக் குத்தும். ஈரம் கூடினால் மேல்பலகை உப்பித் தந்திகள் உயர்ந்துவிடும். அதனால்தான் ஜன்னல் வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படாத சுவரைப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு சின்ன ஈரப்பதமானியும் இருக்கிறது. வெளியூர் போனால் கிட்டார் கேஸுக்குள் போய்விடும். இவ்வளவு யோசித்துத்தான் செய்தேன் என்று படத்தைப் பார்த்தால் தெரியாதுதான்.

அப்புறம் அந்த ஃபோம் விஷயம், சத்தத்துக்காகச் சுவரில் ஒட்டும் ஸ்பஞ்ச். "சுவர் முழுக்க ஃபோம் ஒட்டவில்லையா?" என்று நக்கல். ஒட்டினேன் ஐயா, ஒட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டிவிட்டு, நாலு சுவருக்குள் நான் ராஜா என்று வாசித்தால், பத்தாவது நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். முட்டை அட்டையும் ஃபோமும் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், சத்தம் வெளியே போவதைத் தடுக்காது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 முறை அதிர்கிறது. அந்த அலையின் நீளமே நாலு மீட்டருக்கு மேல். இரண்டு அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்? கனமான சுவர் வேண்டும், கதவிடுக்கை அடைக்க வேண்டும். என்னால் முடிந்தது, பொதுச்சுவரை விட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்ததும் இரவானால் கிட்டாரின் பிரிட்ஜுக்கு (உடம்பின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு துணியைச் செருகிக்கொள்வதும்தான். எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஹெட்போன் இருக்கிறது, பாக்கியசாலிகள்.

ஆனால் உண்மையில் என்னைக் குத்தியது ஃபோமும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. "முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்." எங்கே போய்க் கற்றுக்கொள்வது? வீட்டில் டிவிக்கு இடம் இருக்கிறது. செருப்புக்கு இடம் இருக்கிறது. உடைந்து போன மிக்சியைக்கூட யாரும் தூக்கிப் போடவில்லை, அதற்கும் ஓர் இடம். நான் கேட்டது ஒரு நாற்காலி போடுகிற அளவு. வாசிக்கத் தெரிந்தவருக்கு மேடை இருக்கிறது. தெரியாதவனுக்குத்தான் மூலை வேண்டும். தப்புத் தப்பாக வாசிக்க, அதை யாரும் எட்டிப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க. இந்த வயதில் யாரிடம் வாசித்துக் காட்டப் போகிறாய் என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. வெளியிலிருந்தும் வேண்டுமா?

ஆமாம், எஃப் கார்டில் இரண்டாவது தந்தி இன்னும் ஊமைதான். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று மெதுவாக வைத்தாலும் கார்டு மாற்றும்போது தடுமாறுகிறேன். இதை நானே சொல்லிவிடுகிறேன், யாரும் சிரமப்பட வேண்டாம்.

அந்த நாற்காலி மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரே ஒரு விதி போட்டிருந்தேன். இப்போது எட்டிப் பார்த்தால் துவைத்த துணி மலையாகக் கிடக்கிறது. மடித்து வைத்துவிட்டு வருகிறேன். கமெண்டுகளுக்கு அப்புறம் பதில்.